ஒரே ஊரில் ரூமா, ஊர் ஊராக மூட்டையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குத் தெரிந்தவர்கள் யார் விடுமுறைக்குக் கிளம்பினாலும், டிக்கெட் போட்ட மறுநாள் எனக்கு ஒரு போன் வந்துவிடும். எந்த நாடு, எந்த ஊர் என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்திருப்பார்கள். குழப்பமெல்லாம் ஹோட்டலில்தான். ஒரே இடத்தில் ரூம் போட்டுச் சுற்றிவிட்டு வரலாமா, போகிற ஊரிலெல்லாம் ரூம் மாற்றிக்கொண்டே போகலாமா? ஒரே பதிலைப் பத்துப் பேரிடம் சொல்லி அலுத்துப்போய், வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பேஸ், பேஸ் என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

ஓர் ஊரில் ஒரே ரூமைப் பல இரவுகளுக்குப் போட்டுவிட்டு, காலையில் கிளம்பிச் சுற்றுவட்டாரத்தைப் பார்த்துவிட்டு, இரவு அதே கட்டிலுக்குத் திரும்பி வருவது. அந்த ஊர்தான் பேஸ். இத்தாலியின் ஃபிளாரன்ஸில் தங்கினால் பீசா ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், சியெனா ஒன்றரை மணி நேரம். ஜப்பானின் கியோட்டோவில் தங்கினால் நாரா முக்கால் மணி, ஒசாகா அரை மணி. இதெல்லாம் பேஸ் போடுவதற்கென்றே அமைந்த பகுதிகள்.

இதற்கு நேர் எதிர் ஐஸ்லாந்து. நாட்டைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல். தலைநகர் ரெய்காவிக்கில் ரூம் போட்டுக்கொண்டு யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரியைப் பார்க்க வேண்டுமானால் போக மட்டுமே சுமார் 370 கிலோமீட்டர், வர இன்னொரு 370. ஒரே நாளில் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏரியைப் பார்த்த நேரத்தைவிட பஸ் சீட்டின் முதுகைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

ஒரு தடவை ஹோட்டல் மாற்றினால் அப்படி என்ன நேரம் போய்விடும்? ரயில் ஒரு மணி நேரம்தானே?

ரயில் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஊர் மாறுவது ரயிலில் ஏறும்போது தொடங்குவதில்லை. காலையில் பெட்டி கட்ட வேண்டும், சார்ஜரையும் பாஸ்போர்ட்டையும் தேட வேண்டும், கணக்கு முடிக்க வேண்டும், பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் போக வேண்டும், ரயிலைத் தவறவிடக் கூடாதென்று முன்னதாகவே போய் நிற்க வேண்டும். இறங்கியதும் புது ஊரில் வழி தேடி ஹோட்டலுக்குப் போனால் ரூம் தயாராக இருக்காது. பெரும்பாலான ஹோட்டல்களில் காலை 10 முதல் 12 மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள், புது ரூம் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் வீடில்லாதவர்.

எல்லாம் சேர்த்தால் அரை நாள். தூரம் கொஞ்சம் கூடினால் முக்கால் நாள். இந்த 'அரை நாள் கணக்கை' மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் திரும்ப வரும். 10 இரவுக்கு ஐந்து ஹோட்டல் என்றால் நான்கு தடவை மாற வேண்டும், அதாவது இரண்டு முழு நாள் பெட்டியோடு போய்விட்டது.

சரி, அப்போது ஒரே இடத்தில் தங்குவதுதான் நல்லது என்கிறீர்களா?

இல்லை. இதைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 'தங்குவதா, மாறுவதா' என்று மொத்தமாக ஒரு கேள்வியாகக் கேட்டால் பதிலே கிடையாது. லிஸ்டில் இருக்கும் ஒவ்வொரு ஊரையும் எடுத்துக்கொண்டு, இந்த ஊரை எந்த நேரத்தில் பார்க்க ஆசை என்று கேட்டுப் பாருங்கள். அரண்மனை, அருங்காட்சியகம், கோட்டை மாதிரியான இடங்கள் நடுப்பகலில் திறந்திருப்பவை, அங்கே போய்விட்டுத் திரும்பிவிடலாம். அதிகாலையிலும் இருட்டிய பிறகும்தான் அழகு என்றிருக்கும் ஊர்களில் இரவு தங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் போய்விட்டு வருகிறவருக்கு அந்த இரண்டு நேரமும் கிடைக்கவே கிடைக்காது.

வெனிஸ் நல்ல உதாரணம். பகலில் வந்து போகிற கூட்டம் தாங்காமல் 2024 ஏப்ரலில் இருந்து குறிப்பிட்ட சில நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணமே வாங்குகிறார்கள். நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. பகலில் மட்டும் போனவர் தோள் இடித்து நடந்ததைச் சொல்வார், தங்கியவர் இரவு பதினொரு மணிக்குக் கால்வாய் ஓரம் தன் காலடிச் சத்தம் தனக்கே கேட்டதைச் சொல்வார். ஃபிரான்ஸில் கடலோரம் இருக்கும் சின்னத் தீவு ஊரான மோன் சேன் மிஷேலும் அப்படித்தான். கடல் ஏறி இறங்குவதைப் பார்க்கத்தான் அங்கே போவது, அலையோ நம் பஸ் டைம்டேபிளைக் கேட்டு வராது. பாரிஸிலிருந்து அங்கே போக மட்டும் நான்கு மணி நேரம் ஆகும் என்பது தனிக் கதை.

போய்விட்டு வருவதற்கு எத்தனை மணி நேரம் வரை தாங்கும்?

என் எல்லை, ரூம் கதவிலிருந்து பார்க்கிற இடத்தின் வாசல் வரை ஒன்றரை மணி நேரம். ரயிலில் உட்காரும் நேரம் மட்டும் ஒன்றரை மணி என்று எண்ணாதீர்கள், வாசலிலிருந்து வாசல் வரை. அதற்குள் இருந்தால் யோசிக்காமல் போய்விட்டு வாருங்கள். இரண்டு மணி நேரம் என்றால் அந்த விடுமுறையில் ஒரே ஒரு தடவை செய்யலாம். அதற்கு மேல் போனால் அங்கேயே ஓர் இரவு தங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு: ஒரே திசையில் இரண்டு தடவை போகிறீர்களா? இரண்டு மணி நேரத் தொலைவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள் இருந்து, திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று போய் வந்தால் மொத்தம் எட்டு மணி நேரம் வழியிலேயே போய்விடுகிறது. அந்தப் பக்கம் ரூமை மாற்றிக்கொண்டால் அரை நாளோடு முடிந்தது. அப்புறம், கடைசி ரயில் அல்லது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ரூம் போடுவதற்கு முன்பே பாருங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கே கடைசி பஸ் போய்விடும் சின்ன ஊர்கள் நிறைய.

லிஸ்டில் எட்டு ஊர் இருக்கிறது. எதைப் பேஸ் ஆக்குவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேப்பில் எட்டு ஊருக்கும் புள்ளி வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு நடுவைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிந்தால் அந்த நடுதான் பேஸ். சரம் மாதிரி ஒரே கோட்டில் நீண்டால் (கடற்கரைச் சாலை, ஆற்றங்கரை, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை) மாறிக்கொண்டே போவதுதான் சரி, சரத்தில் பேஸ் போட்டால் வந்த வழியிலேயே தினமும் திரும்ப வேண்டியிருக்கும். பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் வரும், இரண்டு நட்சத்திரம் நடுவில் ஒரு கோடு. அப்போது இரண்டு பேஸ், ஒரே ஒரு மாற்றம்.

பேஸ் ஆகிற ஊர் லிஸ்டிலேயே அழகான ஊராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ரயில் நான்கு பக்கமும் பிரிகிற ஜங்ஷன் ஊராக, ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ரூம் கிடைப்பதாக இருந்தால் போதும். ஸ்டேஷனுக்கே அரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ரூம் என்றால் தினமும் போக அரை மணி, வர அரை மணி. ஆறு நாளில் ஆறு மணி நேரம் காலி.

10 இரவுக்கு எத்தனை ஹோட்டல் என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

மூன்று. அதிகபட்சம்.

ஒரே வார்த்தை போதாதவர்களுக்குக் காரணம்: புது இடத்தில் முதல் இரவு பலருக்கும் சரியாகத் தூக்கம் வராது. தூக்க ஆய்வு செய்கிறவர்கள் இதற்கு 'முதல் இரவு விளைவு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதியைவிட விழிப்பாகவே இருக்கிறது என்று 2016இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தினம் ஒரு ஹோட்டல் என்றால் தினமும் முதல் இரவுதான். ஐந்தாம் நாள் காரணமில்லாமல் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருப்பீர்கள், ஊர்மேல் பழியைப் போடுவீர்கள்.

ஒவ்வோர் ஊரிலும் ஓர் இரவு தங்கினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே?

ஓர் இரவு தங்கினால் உங்களுக்கு ஒரு முழு நாள்கூடக் கிடைப்பதில்லை. வந்த நாள் மதியத்துக்கு மேல், கிளம்பும் நாள் காலை, அவ்வளவுதான். இரண்டு இரவு தங்கினால்தான் ஒரு முழு நாள், மூன்று இரவுக்கு இரண்டு முழு நாள். ஹோட்டல் தளங்கள் இரவைத்தான் எண்ணுகின்றன, நாம் மனதில் நாளை எண்ணுகிறோம், எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் ஒருமுறை ஒன்பது இரவில் ஆறு ஹோட்டல் மாறினேன். இன்று கேட்டால் அந்த ஊர்களின் தேவாலயங்கள் எல்லாம் கலந்து ஒன்றாகிவிட்டன. எந்த ஹோட்டலில் வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்பது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. ஓர் இரவுத் தங்கல் அடியோடு கூடாது என்றும் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன மோன் சேன் மிஷேல் மாதிரி மாலையும் காலையும் மட்டுமே போதும் என்கிற ஊருக்கு அதுதான் சரியான அளவு. விடுமுறைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்.

ஒரே ரூமில் ஆறு நாள் இருந்தால் போரடிக்காதா?

ரூமில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தால் போரடிக்கும். தூங்கவும் குளிக்கவும் மட்டும் வருகிற இடம் போரடிக்க நேரம் எங்கே? மூன்றாம் நாள் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கை தானாகப் போகும், ரிசப்ஷனில் இருப்பவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், திரும்பி வரும் வழியைப் போனைப் பார்க்காமல் நடப்பீர்கள். எனக்கு இது பிடிக்கும். இதுவே சலிப்பைத் தருகிறது என்றால் இரண்டு பேஸ் போடுங்கள்.

எதில் செலவு குறைவு?

ரூம் வாடகையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். பேஸ் போட்டால் தினசரிப் போக்குவரத்துச் செலவு ஏறும், ஆனால் வாரக் கணக்கில் தங்குவதற்குப் பல இடங்கள் வாடகையைக் குறைத்துத் தருகின்றன, துணி துவைத்துக் காயப்போட முடிகிறது, அதனால் பெட்டியும் சிறிதாகிறது. மாறிக்கொண்டே போனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டியோடு டாக்ஸி, லாக்கர் வாடகை எல்லாம் சேரும். அபார்ட்மென்ட் எடுக்கிறவர்கள் சுத்தம் செய்யும் கட்டணத்தைக் கவனியுங்கள். ஓர் இரவு தங்கினாலும் ஏழு இரவு தங்கினாலும் அது ஒரே தொகைதான், அதனால் இரண்டு இரவுத் தங்கலுக்கு அபார்ட்மென்ட் பெரும்பாலும் நஷ்டம்.

சின்னக் குழந்தையும் வயதான பெற்றோரும் கூட வருகிறார்கள். அப்போது?

பேஸ். இதில் நான் விவாதத்துக்கே வர மாட்டேன். மதியம் ஒருவர் படுக்க வேண்டும் என்றால் திரும்பிப் போக ஒரு ரூம் இருக்கிறது, மற்றவர்கள் சுற்றலாம். மாறும் நாளில் காலை 11 மணி முதல் மூன்று மணி வரை அந்த வசதி கிடையாது, சரியாக அந்த நேரத்தில்தான் குழந்தைக்குத் தூக்கம் வரும். மருந்து, மாற்றுத்துணி, தள்ளுவண்டி என்று அவர்கள் பெட்டியைக் கட்டுவதே தனி வேலை, அரை நாள் கணக்கு இவர்களோடு முக்கால் நாளாகிவிடும்.

ஒரே எச்சரிக்கை, அவர்களை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேர எல்லையை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

போகிற நாளில் மழை பெய்தால்? இடம் மூடியிருந்தால்?

மாறிக்கொண்டே போகும் திட்டத்தில் புதன்கிழமை மழை பெய்தால் புதன்கிழமை ஊர் போனதுதான். பேஸில் இருந்தால் புதனையும் வியாழனையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். இது மலைப்பகுதிகளில் பெரிய விஷயம். சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் என்ற மலைக் கணவாய் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் மூடினால் அங்கே வெள்ளைச் சுவர்தான் தெரியும். அடிவாரத்தில் இன்டர்லாக்கன் பக்கம் நான்கு இரவு தங்குகிறவர் காலையில் எழுந்ததும் மேலே இருக்கும் நேரலை கேமராவைப் பார்த்துவிட்டு இன்றைக்கா நாளைக்கா என்று முடிவு செய்யலாம், ஓர் இரவு மட்டும் தங்குகிறவர் வானத்தை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

விடுமுறை நாட்களும் இப்படித்தான். லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வெர்சாய் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். பாரிஸில் நான்கு நாள் இருப்பவருக்கு இது ஒரு சின்னத் தகவல், ஒரு நாள் மட்டும் இருப்பவருக்கு அதிர்ச்சி.

கார் வாடகைக்கு எடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறுமா?

மாறும். பெட்டி டிக்கியிலேயே கிடக்கும், வழியில் நினைத்த இடத்தில் நிற்கலாம், அதனால் மாறும் நாளே ஊர் பார்க்கும் நாளாகிவிடுகிறது. அரை நாள் கணக்கு இரண்டு மணி நேரமாகக்கூடக் குறையலாம். ஐஸ்லாந்து மாதிரிச் சுற்றுப்பாதைகளில் எடுத்த இடத்திலேயே காரை விடுவதால் வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணமும் இல்லை. ஆனால் டிக்கியில் பெட்டி இருக்கும்போது காரைத் தெருவில் விட்டுவிட்டு மூன்று மணி நேரம் காணாமல் போகாதீர்கள்.

காரோடு பேஸ் போடுகிறவர்கள் பழைய நகரத்தின் நடுவில் ரூம் போட வேண்டாம். இத்தாலிய ஊர்கள் பலவற்றில் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டிகள் நுழைந்தால் கேமரா படம் பிடித்து, நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துக்கூட அபராதச் சீட்டு வரும். பார்க்கிங் உள்ள ஓரப் பகுதியே நிம்மதி.

பேஸ் ரூமை வைத்துக்கொண்டே நடுவில் ஓர் இரவு மட்டும் வேறு ஊரில் தங்கலாமா?

தாராளமாக. ஒரே இரவுக்கு இரண்டு வாடகை என்று மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் பெரிய பெட்டியை விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு போய்விட்டு வருவதன் சுகத்தை ஒருமுறை அனுபவித்தால் அந்த வாடகை வலிக்காது. வலித்தால் வேறு வழி: பேஸ் ரூமை இரண்டு தனி முன்பதிவாகப் பிரித்துப் போட்டு, நடு இரவைக் காலியாக விட்டு, பெட்டியை அதே ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகக் கேளுங்கள். திரும்பி வந்து தங்கப்போகிறவர் என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

ஒரு விஷயத்தில் நான் அடிபட்டிருக்கிறேன். ரூமின் முதல் இரவையே இப்படித் தவறவிடுவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் சொல்லாமல் மறுநாள் போய் நின்றேன். முதல் இரவு வராததால் மொத்த முன்பதிவையும் ரத்து செய்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். விதிகளைப் படித்துப் பார்த்தால் அவர்கள் செய்தது சரிதான்.

பெட்டிதான் பிரச்சனை என்றால், பெட்டியை மட்டும் அனுப்ப முடியாதா?

சில நாடுகளில் முடியும். ஜப்பானில் இது அன்றாட விஷயம், தக்யூபின் என்பார்கள். ஹோட்டல் ரிசப்ஷனில் பெட்டியைக் கொடுத்து அடுத்த ஹோட்டல் முகவரியை எழுதிவிட்டால் பெரும்பாலும் மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு நாள் துணியைக் கையில் வைத்துக்கொள்ள மறக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த வசதி இருந்தால் மூன்று ஹோட்டல் என்ற என் கணக்கை நான்காகக்கூட ஆக்கிக்கொள்ளலாம். தூக்கப் பிரச்சனை அப்படியேதான் இருக்கும்.

உயரமான மலை நாடு. நேராக உச்சியில் பேஸ் போட்டுவிடலாமா?

இங்கே வசதியை உடம்புதான் தீர்மானிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனால் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினீர்கள் என்பதைவிட எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். அதனால் இங்கே கொஞ்சம் கொஞ்சமாக ரூம் மாறுவது சோம்பலோ ஆடம்பரமோ இல்லை, தேவை.

பெருவில் குஸ்கோ சுமார் 3,400 மீட்டர், மச்சு பிச்சு அதைவிடக் கீழே சுமார் 2,430 மீட்டர். விமானம் குஸ்கோவில்தான் இறங்கும் என்றாலும், நேராகக் கீழே இறங்கி ஒல்லான்டாய்டாம்போ பக்கம் சில இரவு தங்கி, மச்சு பிச்சு பார்த்துவிட்டு, கடைசியில் குஸ்கோவில் தங்குவது நல்ல வரிசை. இதய, நுரையீரல் சிக்கல் உள்ளவர்கள் ரூம் போடுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

ஷெங்கன் விசாவுக்கும் ஹோட்டலுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா, அதுதான் ஷெங்கன். பயணத்தில் எந்த நாடு முக்கியமோ, சுற்றுலாவில் அது பெரும்பாலும் அதிக நாள் தங்கும் நாடுதான், அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. நட்சத்திர முறையில் ஒரு நாட்டில் பேஸ் போட்டால் இது ஒரே வரியில் முடிந்துவிடும். நான்கு நாடு, எட்டு ஹோட்டல் என்றால் ஒரு ரூமை மாற்றினாலே கணக்கு வேறு நாட்டின் பக்கம் சாய்ந்துவிடலாம். விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய ரூமாகவே போடுங்கள்.

ஒரு பேஸ் போட்டால், திரும்பவும் அதே ஏர்போர்ட்டுக்குத்தானே வர வேண்டும்?

ஒரே பேஸ் என்றால் ஆமாம், அதில் தவறில்லை. இரண்டு பேஸ் என்றால் ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்புகிற டிக்கெட்டைத் தேடுங்கள், டிக்கெட் தளங்களில் மல்டி-சிட்டி என்ற இடத்தில் இருக்கும். தனித்தனி ஒருவழி டிக்கெட்டை விட இது பெரும்பாலும் மலிவு, வந்த வழியே திரும்பிப் போகும் ஒரு நாளும் மிச்சம். அதிகாலை விமானம் என்றால் கடைசி இரவை மட்டும் ஏர்போர்ட் பக்கம் போடுங்கள். அந்த ஒரு மாற்றத்தை நான் மேலே சொன்ன மூன்று ஹோட்டல் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனக்கு ஒரே இடத்தில் இருக்கப் பிடிக்கும், மனைவிக்குத் தினம் புது ஊர் வேண்டும். என்ன செய்வது?

அவர் கேட்பது புது ஊரா, புது ரூமா என்று முதலில் கேளுங்கள். தினம் புது ஊர்தான் வேண்டும் என்றால் நல்ல ஜங்ஷன் ஊரில் பேஸ் போட்டாலே அது கிடைத்துவிடுகிறது, இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. புது ரூம்தான் சந்தோஷம் என்கிறவர்களும் உண்டு, கதவைத் திறந்ததும் ஜன்னலுக்கு ஓடுகிறவர்கள். அப்படியானால் முதல் பாதியை நீங்கள் சொல்கிறபடி ஓரிடத்தில் போட்டு, களைப்பும் நேர மாற்றத் தூக்கமும் தீர்ந்த பிறகு இரண்டாம் பாதியில் இரண்டு சின்னத் தங்கல்களை அவர் தேர்ந்தெடுக்கட்டும். முதல் பாதியில் மாறிவிட்டுக் கடைசியில் ஓரிடத்தில் இருக்கலாமே என்று கேட்பார்கள். என் தம்பி அப்படித்தான் போனான். கடைசி பேஸில் மூன்று நாள் தூங்கிவிட்டு வந்தான்.